வாசமில்லாத சோள மாவு

மாமா,

முன் அறையில் எவர்சில்வர் தூக்கு ஒன்று மூடாமல் இருக்கிறது. நேற்று அன்னவாசல் மில்லில் அரைத்து வந்த மாவு. சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டி பிடித்துவிடும் என்று ஆற வைத்தேன், இன்னும் மூட மனம் வரவில்லை. வீடெல்லாம் மக்காச்சோள வாசம். காய்ந்த சோளத் தட்டையும் வெயிலும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் உங்கள் காக்கிச் சட்டையை ஊறப்போடும்போது வாளியிலிருந்து எழுந்து வந்ததே, அதே வாசம்.

"என்னாத்தா இது, மக்காச்சோளங்கிற. வாசமே இல்லையே?"

நீங்கள் இப்படிக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்கு நான் சொன்ன பதிலும் மறக்கவில்லை. நாளைக்கு உங்களுடைய முதல் தெவசம். கீரனூரிலிருந்து உங்கள் தங்கச்சி, சின்னம்மா வருவார்கள், பங்காளி வீட்டார் எல்லோரும் வருவார்கள். அவர்களிடம் நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் முதலில் அவர்களிடம் சொல்வது முறையில்லை என்று தோன்றியது. பாப்பா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். அவள் எழுவதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன். ஒரு வருஷம் தாமதம்தான், தெரியும்.

இருபத்தாறு வருஷம் மக்காச்சோளம் ஏற்றினீர்கள். விராலிமலையைச் சுற்றியுள்ள களங்களில் லோடு பிடித்து, நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவன மில்களில் இறக்கிவிட்டு வருவது. அவ்வளவு சோளம் ஏற்றிய மனிதர் ஒரு நாளும் அதை வாயில் வைத்ததில்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த கதிரை நான் வாங்கிக் கடித்துக்கொண்டு வந்தால், "பாத்து ஆத்தா, கோழி எதுவும் பாத்துச்சுன்னா கோவிச்சுக்கப் போவுது" என்பீர்கள். பாப்பாவும் சேர்ந்து கெக்கெக்கே என்று கோழி மாதிரிக் கத்துவாள்.

எதிரே வரும் லாரியின் விளக்கு இரண்டாகத் தெரிகிறது என்று ஒரு நாள் வந்து உட்கார்ந்தீர்கள். கண்ணைப் பார்க்கப்போன இடத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ. அதோடு ஸ்டியரிங்கை விட்டீர்கள். அத்தை நான் வருவதற்கு முன்பே போய்விட்டதால் அடுப்படி முழுக்க என் கையில் இருந்தது. உங்கள் மகன் காலையில் திருச்சிக்கு பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். ஆக, உங்கள் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. நான் படித்தவள் அல்லவா.

பாப்பா வயிற்றில் இருந்தபோது எனக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று போனில் படித்துக்கொண்டே இருப்பேன். அப்படித்தான் மக்காச்சோளத்தைப் பற்றிப் படித்தேன். முழுத் தானியமாகச் சாப்பிட்டால் அதிலுள்ள நார்ச்சத்து சர்க்கரையை ரத்தத்தில் மெதுவாக ஏற்றும், வயிறு நிறைந்து நிற்கும், மலச்சிக்கல் வராது, அந்த மஞ்சள் நிறத்தில் இருப்பது கண்ணுக்கு நல்லது, இப்படியெல்லாம். கண்ணுக்கு நல்லது என்று படித்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. அடுப்படியிலிருந்தே கத்தினேன்.

"மாமா, நாளையிலேர்ந்து உங்களுக்கு ராத்திரி சோறு கிடையாது. மக்காச்சோளக் கஞ்சி."

"அடியாத்தீ. கோழிக்கு அனுப்புனது பத்தாதுன்னு இப்ப நான் தின்னு தீக்கணுமா? முட்டை போடச் சொல்வியா?"

"போட்டீங்கன்னா நல்லதுதான், பாப்பாவுக்கு ஆகும்."

அந்தச் சிரிப்பைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

கடைக்குப் போய் என்ன கேட்டேன் தெரியுமா மாமா? "அண்ணே, சோள மாவு குடுங்க" என்றேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அட்டைப் பாக்கெட். மேலே தோல் உரித்த மஞ்சள் கதிர் படம், தமிழில் 'சோள மாவு' என்று கொட்டை எழுத்து. ஊரில் யார் போய்க் கேட்டாலும் அந்தப் பெயருக்கு அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அவர் மேல் தப்பில்லை. திருப்பிப் பார்க்காதது நான்.

உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. விரலில் தேய்த்தால் வழுவழுவென்று ஒரு கீச்சுச் சத்தம். இவ்வளவு மஞ்சளான சோளத்தில் இவ்வளவு வெள்ளையாக எப்படி மாவு வந்தது என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் இதே மாதிரி ஒரு வெள்ளைத் தூளைக் கரைத்து, அயோடின் ஒரு சொட்டு விட்டு, நீலமாவதைப் பார்த்து, ஸ்டார்ச் என்று எழுதி மார்க் வாங்கியவள் நான். ஆய்வகத்தில் தெரிந்தது அடுப்படியில் தெரியவில்லை.

முதல் நாள் கஞ்சி கொதித்ததும் கண்ணாடி மாதிரி ஆகி, கரண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றது. நீங்கள் தட்டைச் சாய்த்துப் பார்த்தீர்கள்.

"ஆத்தா, இத வச்சு விராலிமலை முழுக்கப் போஸ்டர் ஒட்டலாம் போல."

"பேசாமக் குடிங்க மாமா. உடம்புக்கு நல்லது."

அப்போதுதான் முகர்ந்து பார்த்துவிட்டு அதைக் கேட்டீர்கள். வாசமே இல்லையே என்று. நான் என்ன சொன்னேன்? "உங்களுக்குத் தீவன மில்லு வாசம் அடிச்சாத்தான் எறங்குமா? இது சுத்தம் பண்ணது மாமா." சுத்தம் பண்ணியது. அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். நீங்கள் வழித்துக் குடித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தீர்கள்.

இன்னொரு நாள் நான் பெருமையாக, பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி ரெண்டு மாதமாகியும் ஒரு வண்டு விழவில்லை என்றேன். நீங்கள் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "மூட்டையில வண்டு விழுந்தா மொதல்ல மொளையத்தான் தின்னும். சத்து எங்கிட்டு இருக்குன்னு அதுக்குத் தெரியும். ஒம் மாவு வண்டுக்கே வேணாமாம் ஆத்தா" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு முறையும் உங்கள் வாயாலேயே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான்தான் கேலி என்று எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் அது கேலிதானோ என்னவோ. படித்த பிள்ளை செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் விரலில் ஊசி குத்தி சர்க்கரை மீட்டரில் பார்ப்பேன். கஞ்சி ஆரம்பித்த பிறகு எண் ஏற ஆரம்பித்தது. ஒரு வாரம் ஏறும், மறு வாரம் இன்னும் ஏறும். மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடை. சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருவீர்கள். உங்கள் பழைய லாரிக் கூட்டம் முழுக்க அங்கேதான் இருந்தது.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. சீனி போட்டுத்தானே குடிக்கிறீங்க?"

"இல்லாத்தா. சீனிய விட்டு எத்தன நாளாச்சு."

"அப்ப மிட்டாய், பன்னு ஏதாச்சும்?"

"இல்லங்கிறேன்ல."

"மெஷின் பொய் சொல்லுமா மாமா?"

நீங்கள் மீட்டரை வாங்கித் தள்ளி வைத்தீர்கள். பிறகு அந்தக் கதையைச் சொன்னீர்கள். நாமக்கல் மில் வாசலில் ஒரு தடவை ஈரம் பார்க்கிற மீட்டரில் உங்கள் லோடு ஈரம் என்று காட்டி, திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் களத்தில் கை நிறைய அள்ளிக் காதோரம் குலுக்கிப் பார்த்து ஏற்றிய லோடு. கலகலவென்று சத்தம் வந்த சோளம். ஒரு நாள் முழுக்க வாசலிலேயே நின்று கடைசியில் கண்டுபிடித்தீர்கள். வழியில் ஒரு மழைத் தூறலில் தார்ப்பாய் விலகி ஓரத்து மூட்டை மட்டும் நனைந்திருக்கிறது. அந்த மூட்டையில் குத்திப் பார்த்திருக்கிறார்கள்.

"மெஷினு பொய் சொல்லாதுதான் ஆத்தா. ஆனா எந்த மூட்டையில குத்துறோம்னு ஒண்ணு இருக்குல்ல?"

நீங்கள் பேச்சை மாற்றுவதாக நினைத்தேன். எரிச்சலாக வந்தது. எனக்கு இப்போது எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். விளையாடிக்கொண்டிருந்த பாப்பாவை இழுத்து வந்து உங்கள் முன்னால் நிறுத்தினேன். "இவ தலையில கை வச்சுச் சொல்லுங்க" என்றேன்.

உங்கள் முகம் மாறிப்போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

"பிள்ள தலையில எல்லாம் கை வைக்க மாட்டேன். எம் பொய்க்கும் அவ தலைதான், என் உண்மைக்கும் அவ தலைதானா? சொன்னா நம்பு. இல்லாட்டி விடு."

கை வைக்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. பொய் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று அன்றைக்கே உங்கள் மகனிடம் சொன்னேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த களைப்பில் அவரும் உங்களிடம் வந்து, "இந்த வயசுல ஒளிஞ்சு திங்கிறதுக்கு வெக்கமா இல்லையாப்பா?" என்று கேட்டார். நீங்கள் வாசலுக்குப் போய்ச் செருப்பை நேராக எடுத்து வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்தீர்கள்.

மறு வாரம் எண் இன்னும் ஏறியது. அன்று சாயங்காலம் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கே வந்துவிட்டேன். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். கையில் பாதி கிளாஸ். உங்கள் கூட்டாளிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் டீ மாஸ்டரிடம் சொன்னேன்.

"அண்ணே, இனிமே எங்க மாமாவுக்கு டீ குடுக்காதீங்க. சுகர் ஏறிப்போய்க் கெடக்கு."

"அவருக்குச் சீனி இல்லாமத்தானம்மா போடுறேன்" என்றார் அவர்.

"நீங்க அவரு ஆளு. அப்படித்தான் சொல்வீங்க."

யாரோ ஒருவர், "என்னப்பா டிரைவரே, பிரேக் போட ஆள் வந்தாச்சு போல" என்றார். ஒருவரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. நீங்கள் மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு, கிளாஸை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் நடந்து வந்தீர்கள். பாப்பா மட்டும், "தாத்தா டீ கொட்டிருச்சு, தாத்தா டீ கொட்டிருச்சு" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு நீங்கள் டீக்கடைக்குப் போகவில்லை. சாயங்காலமானால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்படியும் எண் இறங்கவில்லை. நான் என்ன செய்தேன்? காலையிலும் ஒரு வேளை கஞ்சியைச் சேர்த்தேன். இட்லியை நிறுத்திவிட்டு அந்தப் பசையைக் கொடுத்தேன். வேண்டாம் என்று நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை. "போஸ்டர் ரெடியா ஆத்தா?" என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டீர்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். 108 வண்டியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிரைவர்கிட்டச் சொல்லு ஆத்தா, ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவாப் போகச் சொல்லு" என்றீர்கள். அதுதான் கடைசி. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கை விட்டுப்போயிருந்தது.

வீட்டில் கிடத்தியிருந்தபோது எல்லோரும் ஒன்றையே பேசினார்கள். "டீக்கடையே கதின்னு கெடந்தாரு." "மருமக சொல்லிச் சொல்லிப் பாத்துச்சு, கேக்கலையே." சின்னம்மா உங்கள் காலடியில் உட்கார்ந்து, "அண்ணே, வாயக் கட்ட முடியாம உசுர விட்டியே அண்ணே" என்று அழுதார்கள். நான் தலையாட்டினேன் மாமா. ஆமாம் என்று தலையாட்டினேன். நன்றாகப் பார்த்துக்கொண்ட மருமகள் என்று எனக்குப் பெயர். வாயைக் கட்டாதவர் என்று உங்களுக்கு.

இந்த மார்கழியில் எனக்கே சோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்கிற ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். வெள்ளைச் சோற்றைக் குறைத்து முழுத் தானியமாகச் சாப்பிடச் சொல்லி, கம்பு, கேழ்வரகு என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மக்காச்சோளத்தையும் சொன்னார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் மேடம். எங்க மாமாவுக்கு ஆறு மாசம் சோள மாவுக் கஞ்சி குடுத்தேன். ஆனாலும் சுகர் குறையல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த மாவும்மா? மஞ்சளா, வெள்ளையா?"

"வெள்ளைதான்."

"பாக்கெட்டா? காலிஃப்ளவர் பொரிக்கிறதுக்குப் போடுவாங்களே, அதா?"

அதேதான் என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து ஒரு சோள மணியைப் படமாகப் போட்டார். மேலே தோல், அடியில் முளை, நடுவில் மாவு. "நார் எல்லாம் இந்தத் தோல்ல இருக்கு. நல்ல எண்ணெய், வைட்டமின், தாதுச் சத்து நெறைய இந்த மொளையில. ரெண்டையும் எடுத்துட்டு நடுவுல இருக்கிற மாவுச்சத்த மட்டும் கழுவிப் பிரிச்சா அதுதாம்மா நீங்க வாங்குனது. பேரு சோள மாவு, ஆனா அதுல சோளம் இல்ல. வெறும் ஸ்டார்ச். தடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லாததால வேகமா சர்க்கரையா மாறிடும்." தோலையும் முளையையும் பேனாவால் அடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். வண்டுக்குத் தெரிந்தது, மாமா.

"அப்ப… டீயில சீனியே போடாத ஒருத்தருக்கும் ஏறுமா மேடம்?"

"ரெண்டு வேளை குடிச்சா ஏறாமலா இருக்கும்?"

நான் அழுததைப் பார்த்துவிட்டு அவர் பயந்துபோனார். ஒரு கஞ்சியால் இதயம் நின்றுவிடாது, பல வருஷத்துச் சர்க்கரை, லாரி வேலை, உட்கார்ந்தே இருந்த உடம்பு, எல்லாம் சேர்ந்ததுதான் என்று சொன்னார். முழு மக்காச்சோளமே என்றாலும் அளவோடுதான், அதுவும் மாவுச்சத்துள்ள தானியம்தான், பயறோ காயோ சேர்த்துச் சாப்பிட வேண்டும், அது மருந்து இல்லை என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. நான் அழுதது நீங்கள் செத்ததற்காக மட்டும் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். நீங்கள் மிச்சம் வைத்துப்போன பாக்கெட் அப்படியே இருந்தது. ஒரு வருஷமாகப் போகிறது, ஒரு பூச்சி இல்லை. முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. மக்காச்சோள ஸ்டார்ச்.

மெஷின் பொய் சொல்லவில்லை. நீங்களும் பொய் சொல்லவில்லை. நான்தான் வேறு மூட்டையில் குத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை மாமா. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். இந்த இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எதை வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். பாப்பாவுக்குப் பிஸ்கட் வாங்கினால், பெயர் பெரிதாக இருக்கிற பக்கத்தை நம்புவதில்லை. அவள் தண்ணீர் அதிகம் குடித்தால் எத்தனை டம்ளர் என்று எண்ணுகிறேன். போன வாரம் வெல்ல டப்பாவில் வெல்லம் குறைந்திருந்தது. "நீ எடுத்தியா?" என்றேன். "இல்லம்மா" என்றாள். "சத்தியமா?" என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை தனியாக டீக்கடைக்குப் போனேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலை ஆற்றினார். கூட்டம் இல்லாத நேரம். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, அடுக்கின் கடைசியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு.

"சுகர்காரங்களுக்குன்னு நாலு கிளாஸு தனியா வச்சிருக்கேன். இதுல சீனிக் கரண்டியே படாது. எவன் வைக்கச் சொன்னான்னு நெனைக்கிறீங்க? ஒங்க மாமாதான். மத்த கிளாஸ்ல அடியில சீனி ஒட்டியிருக்கும், எம் மருமக மீட்டர்ல பிடிச்சிரும்னு சொல்லி அவரே பெயிண்ட் வாங்கியாந்து வச்சாரு."

அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னேன்ல. நம்பலையே நீங்க" என்றார். அதற்கு மேல் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது சர்வீஸ் ரோட்டில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. இது அதன் பருவம்தானே. காயப்போட்டிருந்த பெரியவரிடம் நாலு படி கேட்டேன். கை நிறைய அள்ளிக் காதோரம் குலுக்கிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "யாரு வீட்டுப் பிள்ள? லாரிக்காரன் மாதிரிப் பாக்குற" என்றார். லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைதான் என்றேன்.

நேற்று அன்னவாசல் மில்லில், "கோழிக்கா, மாட்டுக்கா? குருணையா ஒடச்சா போதும்ல?" என்று கேட்டார்கள்.

"மனுஷங்களுக்குத்தான். மாவா அரைங்க. சலிக்க வேணாம், தோலு, மொள எல்லாம் இருக்கட்டும்."

மில்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அரைத்துக் கொடுத்தார். மஞ்சளாக, நடுவில் தோல் பொடிப்பொடியாகத் தெரிய, தூக்கு சுடச்சுட மடியில் இருந்தது. பஸ் முழுக்க உங்கள் சட்டை வாசம்.

நேற்று வேலை விட்டு வந்த உங்கள் மகன் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். "என்ன, அப்பா வந்த மாதிரி இருக்கு?" என்றார். பாசிப்பருப்பு சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியை ஒரு கிண்ணத்திலும், அந்தப் பழைய பாக்கெட்டை அதன் பக்கத்திலும் வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். தலையாட்டியது வரைக்கும்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கஞ்சி ஆறி மேலே ஏடு படியும் வரைக்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும்தான கேட்டேன், வெக்கமா இல்லையான்னு" என்றார். எழுந்து போய், நீங்கள் அன்றைக்குச் செய்த மாதிரியே, வாசலில் செருப்பை நேராக எடுத்து வைத்தார். உள்ளே வந்து, "நாளன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது இதச் சொல்ல வேணாம். ஒன்னயத்தான் ஏசுவாங்க" என்றார்.

ஏசட்டும் மாமா.

இன்று காலையில் சின்னம்மா கீரனூரிலிருந்து போன் பண்ணினார்கள். படையலுக்கு என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில், "டீய மறந்துறாத. சீனி ரெண்டு கரண்டி கூடவே போடு. உசுரோட இருந்தப்பத்தான் எங்கண்ணே ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சாரு. இனிமேலாச்சும் தைரியமாக் குடிக்கட்டும்" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு அழுதார்கள். நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். பச்சைப் பொட்டு வைத்த கிளாஸ் ஒன்று வேண்டும் என்றேன். மாஸ்டர் துடைத்துக் கொடுத்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்துருங்க. இன்னும் மூணு பேரு இருக்காங்க" என்றார்.

அந்த கிளாஸ் தூக்குக்குப் பக்கத்தில் கவிழ்ந்து இருக்கிறது. பாப்பா புரண்டு படுக்கிறாள், எழுந்துவிடுவாள் போல. நாளைக்கு இலை போட்டு எல்லாம் பரிமாறிய பிறகு, இலையின் ஓரத்தில் மஞ்சள் கஞ்சி ஒரு கிண்ணம் வைப்பேன். பக்கத்தில் டீ. சின்னம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், அது அவர்கள் வழக்கம். "என்ன பிள்ள, சீனியே போடலையா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பார்கள்.

அப்போது சொல்வேன். "அவரு சீனி போட்டுக் குடிக்க மாட்டாரு சின்னம்மா" என்று.